ஒரு வாய்த் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய கோடை. திருவள்ளூரில் நான் டயாலிசிஸ் செய்துகொள்ளும் மருத்துவமனையின் மாடி அறையில் நடந்தது இது.

அதற்கு முன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் உலைக்கு முன்னால் வேலை பார்த்தவன் நான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்துப் பழகிய உடம்பு. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு, ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையும் போயிற்று. காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஒருமுறை யாருக்கும் தெரியாமல் குழாயடியில் வயிறு முட்டக் குடித்துவிட்டேன். மூச்சுத்திணறியது; ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து என் மனைவிதான் தண்ணீரை அளந்து பாட்டிலில் ஊற்றி வைப்பாள். அதற்காகவே அவள்மேல் எரிந்து விழுவேன்.

நீண்ட நாள் நோயாளிகளின் மனச்சோர்வுக்கு வாரம் ஒருநாள் மாடியில் குழுவாக உட்காரவைத்து மூச்சைக் கவனிக்கும் ஒரு பயிற்சி தருகிறார்கள், போய்ப் பாருங்கள் என்றார் டாக்டர்.

"மூச்சு வுடறதுக்குக் கூடவா கிளாஸ் வெப்பாங்க?" என்றேன்.

"சும்மா போயி குந்திட்டு வாங்க. எனக்காவ" என்றாள் மனைவி.

முதல் மூன்று வாரம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். நான் தூங்கினேன். நான்காவது வாரம், பயிற்சி தரும் மேடம் எங்கள் எட்டுப் பேருக்கும் டம்ளரில் ஒரு வாய்த் தண்ணீர் வைத்தார். இதையும் உங்கள் அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். சட்டென்று விழுங்கக் கூடாது. கையில் அதன் குளிர்ச்சி, உதட்டில் படுவது, தொண்டையில் இறங்குவது என்று ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலியில், முடக்குவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன ஒரு பெண். டம்ளர் அவர் கையில் ஆடியது. பிடிக்கப் போனேன்.

"வுடுண்ணா, நானே தூக்குறேன். இங்க இன்னா அவசரம்?" என்றார்.

இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெல்லத் தூக்கினார். எல்லோரும் காத்திருந்தோம்.

பிறகு நான் குடித்தேன். பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்ற நினைப்போடுதான் அதுவரை குடித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் தண்ணீர் நாக்கில் தெரிந்தது. அழுதுவிட்டேன். அந்தப் பெண் நாற்காலியைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

திருப்பாச்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதேபோல் குடிக்க உட்கார்ந்தேன். மனைவி எதிரே இருந்தாள். எனக்குத் துணையாக வந்து, பஸ்ஸுக்காக வெயிலில் நின்றவள். உதடு காய்ந்திருந்தது.

"நீ குடிக்கலயா?"

"அப்பறமா உள்ள போய்க் குடிச்சிக்கிறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோய் வந்த நாளிலிருந்து அவள் என் கண்ணெதிரே ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. ஏன் என்று கேட்டேன்.

"உங்களுக்கு ஆசையா இருக்கும் இல்ல" என்றாள்.

"எம் முன்னாடியே குடி. நான் பாத்துக்கினு இருக்கேன்."

தயங்கித் தயங்கி ஒரு சொம்பு முழுக்கக் குடித்தாள்.

டயாலிசிஸ் இன்னும் தொடர்கிறது. சில நாள் மனம் பாரமாகத்தான் விடிகிறது. ஆனாலும் அவள் என் எதிரில் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம், என் தாகத்தையே பார்த்துக்கொண்டு இவளைப் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்ற வருத்தமும், இப்போதாவது பார்த்தேனே என்ற நிம்மதியும் சேர்ந்தே வருகின்றன.