ரெண்டு கோட்டு லேமினேஷன்

பல்கலைக்கழக நூலகத்தில் ஆவணக் காப்பாளர் வேலைக்கு ஆள் எடுப்பது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. இருப்பவர் ஓய்வு பெற வேண்டும். பிறகு அப்படி ஓர் இடம் இருந்ததே அலுவலகத்துக்கு ஞாபகம் வர வேண்டும். நான் நூலக அறிவியலில் முதுகலையும் ஆவணக் காப்பில் பட்டயமும் முடித்துவிட்டு, ஒத்தக்கடையில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் பார்கோடு ஒட்டிக்கொண்டிருந்த வருஷத்தில் அவர்களுக்கு அந்த ஞாபகம் வந்தது. காலியிடம் ஒன்று. எனக்கும் ஒன்று போதும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆவணக் காப்பாளர் என்றால் என்ன என்று அம்மாவிடம் சொல்லிப் புரிய வைக்க அந்தப் படிப்பு போதவில்லை.

"பழைய பேப்பரப் பத்திரமா வச்சிருக்கிறதுக்குச் சம்பளமா?"

"ஆமாம்மா."

"வித்துக் குடுக்கவும் மாட்டியா?"

"மாட்டேன்."

"அப்ப அந்தப் பேப்பர் என்னத்துக்குடி?"

அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. காகிதத்தைப் பத்திரமாக வைப்பது பற்றி அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. அதுதான் பிரச்சினையே.

நேர்காணல் கடிதம் வந்தபோது நாலு நாள்தான் இருந்தது. கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில், பொடி எழுத்தில் இருந்தது: லேமினேட் செய்யப்பட்ட மூலச் சான்றிதழ்கள் சரிபார்ப்புக்கு ஏற்கப்பட மாட்டா.

நான் பீரோவைத் திறந்தேன். உள்ளே என் வாழ்க்கை முழுவதும் பளபளவென்று மின்னியது.

அப்பா மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மூட்டை இறக்குகிறவர். பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். தோள், கை, சட்டைப்பை எல்லாம் நாள் பூராவும் ஈரம். அங்கே ஒரு துண்டுச் சீட்டு மத்தியானம் வரை உயிரோடு இருந்தாலே பெரிது. ஆகவே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஆரம்பித்து, சாதிச் சான்றிதழ், பட்டங்கள், என் தடுப்பூசி அட்டை, ஆறாம் வகுப்பில் சாக்கு ஓட்டத்தில் மூன்றாம் இடம் வந்ததற்கான சான்றிதழ் வரைக்கும், கைக்கு வந்த அன்றைக்கே கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிடுவார். எங்கள் வீட்டில் அதற்குத் தப்பித்தது நானும் அம்மாவும்தான்.

ஆவணக் காப்புப் படிப்பில் முதல் வாரமே சொல்லித் தருவார்கள்: திரும்ப எடுக்க முடியாத எதையும் ஓர் ஆவணத்துக்குச் செய்யாதே. லேமினேஷன் மகா பாவம். அந்தப் பாடத்தில் நான் வாங்கிய முதல் மதிப்பெண்ணுக்கும் அப்பா லேமினேஷன் போட்டு வைத்திருந்தார்.

புதுச் சான்றிதழ் வாங்கலாமா என்று விசாரித்தேன். தொலைந்துபோனால் மாற்றுச் சான்றிதழ் தருவார்கள். தொலையாமல் பத்திரமாக இருப்பதற்கு மாற்றுத் தர மாட்டார்கள். அதனால் நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"இத எடுக்க முடியுமாண்ணே?"

கடைக்கார அண்ணன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். முகத்தில் தன் வேலையைப் பார்த்த பெருமை. "தங்கச்சி, போடுறதுக்குத்தான் மெசின் வச்சிருக்கேன். அதுலயும் இது உங்கப்பா கேட்டு வாங்குன ரெண்டு கோட்டு. உள்ள காத்துக்கூடப் போகக் கூடாதுன்னாரு. சும்மாவா?"

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அப்பா ஒரு சான்றிதழைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆயுசுக்கும் தாங்கும்னு சொன்னானே தாயி" என்றார்.

"அதாம்ப்பா பிரச்சினை. தாங்குது."

ஆராய்ச்சியை அன்றைக்கே ஆரம்பித்தோம். பட்டச் சான்றிதழில் கை வைப்பதற்கு முன்னால் உதவாத காகிதத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றேன். படித்த பெண் அல்லவா. ஒரு நோட்டு போட்டு, பொருள், முறை, விளைவு என்று கட்டம் கட்டினேன்.

முதலில் சாக்கு ஓட்டம். சூடு காட்டினால் பசை இளகும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். பசை இளகவில்லை, பிளாஸ்டிக் இளகியது. இளகி, பாதிச் சான்றிதழோடு பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. சுரண்டிவிட்டதாகத்தான் நினைத்தேன். மறுநாள் ஒரு காதுகுத்துக்குப் போக அம்மா அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்தபோது, முதுகில் "மூன்றாம்" என்ற சொல் தெளிவாக விழுந்தது. அதைக் கவனிக்காமல் அப்பா போய்ப் பந்தியிலும் உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்ற சித்தப்பா, "ஏண்ணே, மூணாம் பந்திக்கு இப்பவே துண்டு போட்டாச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்து அம்மாவின் முறை. "மிட்டாய ஃபிரிட்ஜுல வச்சா பிசுபிசுப்பு போயிருதுல்ல? இதயும் வையி." தடுப்பூசி அட்டை ஒரு நாள் முழுக்க மாவுச் சட்டிக்கு மேலே ஃபிரீசரில் கிடந்தது. வெளியே எடுத்தபோது குளிர்ந்த தடுப்பூசி அட்டையாக இருந்தது. வேறு மாற்றம் இல்லை.

மூன்றாவதாக, ஒரு கோலப்போட்டிச் சான்றிதழை அப்பா சவர பிளேடால் ஓரம் கீறி உரித்தார். உரிந்தது! மூன்று பேரும் கை தட்டினோம். பிறகு பார்த்தால் என் பெயர் காகிதத்தில் இருந்தது, தலைமையாசிரியர் கையெழுத்து பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது.

"ரெண்டயும் சேத்துக் காட்டுனா ஒத்துக்கிற மாட்டாங்களா?" என்றார் அப்பா.

நேர்காணல் அன்று காலை பளபளப்பான கட்டையும் அந்த நோட்டையும் பையில் வைத்துக்கொண்டு, மாட்டுத்தாவணியில் பஸ் மாறிப் பல்கலைக்கழகம் போனேன். சரிபார்ப்பு மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயம். ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. அடுத்த காலியிடம் வரும்போது எனக்கு வயது வரம்பு தாண்டியிருக்கும்.

ஆறு பேர் வந்திருந்தோம். மேசையில் இருந்த எழுத்தர் முதல் பெண்ணின் சான்றிதழை வாங்கினார். லேமினேஷன். இரண்டாவது ஆள், லேமினேஷன். மூன்றாவது அக்கா பையைத் திறந்ததும் ஜன்னல் வெயில் பட்டு எழுத்தர் கண்ணைக் கூச வைத்தது. நாலாவது நான்.

"என்னம்மா இது? ஆவணக் காப்பாளர் வேலைக்கு வந்திருக்கீங்க, அம்புட்டுப் பேரும் லேமினேசனா?"

"எங்கப்பா சார்" என்றேன். "எங்க அண்ணன்" என்றார் அக்கா. "எங்க மாமா, சார். கடையே அவருதுதான்" என்றார் இரண்டாவது ஆள்.

ஐந்தாவது ஆளும் அதே கதை. கடைசியாக உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அண்ணன் மட்டும் வெறும் காகிதத்தை நீட்டினார். எழுத்தர் கும்பிடாத குறையாக வாங்கினார்.

"இதுல பதிவு எண் எங்கப்பா?"

"அது கரையான் தின்னுருச்சு சார்."

எழுத்தர் எங்கள் ஐந்து பேரின் சான்றிதழையும் பார்த்தார், அந்தச் சான்றிதழையும் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது தேர்வுக் குழுவின் வல்லுநரும் கூட வந்தார். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்த அம்மையார். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். சான்றிதழ் எண்களை, அவற்றை வழங்கிய அலுவலகங்களுக்கு அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று எழுத்தரிடம் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "உள்ள ஒரே கேள்விதான் கேக்கப் போறேன். இத என்ன செய்யலாம்?" என்றார்.

என் முறை வந்தபோது புத்தகத்தில் படித்த கரைப்பான்களின் பெயர்களெல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் வாயைத் திறந்தால் இஸ்திரிப் பெட்டிதான் வந்தது. நோட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கட்டம் கட்டமாகப் படித்தார். சட்டைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. இதுலருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?"

"ஒண்ணும் செய்யக் கூடாது மேடம். வெயில் படாம வைக்கணும், நகல் எடுக்கணும், லேமினேட் ஆயிருக்குன்னு சீட்டு எழுதணும். உரிக்கணும்னு கை துறுதுறுக்கும். அடக்கிக்கணும்."

"உங்கப்பா செஞ்சது தப்புதானே?"

"தப்புதான் மேடம். ஆனா அவரு வேலை பாக்குற எடத்துல தண்ணிதான் எதிரி. அந்த எதிரிகிட்டருந்து என் சான்றிதழை முழுசாக் காப்பாத்திட்டாரு."

அவர் நோட்டை மூடி என்னிடம் தந்தார். வேறு கேள்வியே கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று ஒத்தக்கடையில் வீடு வந்து சேரும் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பணி ஆணை வந்தது. ஒரே ஓர் இடம், அது எனக்கு.

சேர்ந்த முதல் நாள், எழுத்தர் என்னை நூலகத்தின் பின்அறைக்கு அழைத்துப் போய் இரண்டு இரும்பு பீரோக்களைத் திறந்துவிட்டார். பல்கலைக்கழகத்தின் பழைய கூட்டக் குறிப்புகள், கடிதங்கள், கட்டட வரைபடங்கள். எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக, ஓரம் நறுக்கி, குமிழி விழாமல் லேமினேட் செய்திருந்தார்.

"இதுக்குத்தான் ஆள் தேடுனாங்க" என்றார் எழுத்தர். "மத்தவங்கல்லாம் உரிக்கிறதுக்கு வழி சொன்னாங்களாம். நீ ஒருத்திதான் தொட மாட்டேன்னு சொன்னியாம்."

உட்கார்ந்து முதல் தாளுக்கு நிலைச் சீட்டு எழுதினேன். பொருள்: கூட்டக் குறிப்பு. நிலை: லேமினேட் செய்யப்பட்டது. செய்தவர்: தெரியவில்லை. காரணம் என்ற கட்டத்தில் "பாசம்" என்று எழுதினேன்.

எழுத்தர் எட்டிப் பார்த்தார். "அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா, தணிக்கைக்காரங்க கேப்பாங்க. பாதுகாப்பு கருதின்னு போடு."

அடித்துவிட்டு, பாதுகாப்பு கருதி என்று எழுதினேன். மாதங்கள் ஓடிவிட்டன, இன்னும் ஒன்றே முக்கால் பீரோ பாக்கி இருக்கிறது.