பேய்ப்படமும் குக்கர் விசிலும்

ஹாலோவீனுக்கு எந்தப் பேய்ப்படம் பார்ப்பது என்று எங்கள் வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு. என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

காரணம் இருக்கிறது. பேய் வருகிற நேரம் பார்த்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று நான் எழுந்து போய்விடுவேன்.

பேத்தி வித்யா இன்று சொன்னாள். "ஆயா, ஒரு படம் முழுசா எழுந்துக்காம பாரு. அப்புறம் ஹாலோவீனுக்கு நீ சொல்ற படம்தான்."

"போடு" என்றேன்.

பட்டப்பகலில் ஜன்னலை மூடிவிட்டுப் போட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. அதே நேரம் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. எழப்போன காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐந்தாவது விசில்.

"பருப்பு தீயுது ஆயா."

"தீயட்டும். நான் எழுந்துக்க மாட்டேன்."

"சரி, நானே அணைச்சிட்டு வரேன்."

போனவள் வரவே இல்லை. படம் முடிந்து போய்ப் பார்த்தேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். காக்களூர் கம்பெனியில் இருபது ஆண்களை வேலை வாங்கும் சூப்பர்வைசர், என் பேத்தி.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்க?"

"அந்தக் கை போயிடுச்சா ஆயா?"

ஆக, படம் என் விருப்பம். உங்களுக்குப் பிடித்த பயங்கரமான படத்தைக் கீழே எழுதுங்கள். தமிழில் பேசும் படமாக இருக்கட்டும். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன், திரையில் ஓடுகிற எழுத்தைத் துரத்த முடியாது.

ஹாலோவீன் அன்றைக்குச் சமையலைக் காலையிலேயே முடித்துவிடப் போகிறேன். அடுப்படியில் யாருக்கும் வேலை இருக்கக் கூடாது.