என் ரோபோவைப் பொறுப்பேற்றவர்

ஒரு கடிதத்தில் ஒரு விடயம் மட்டுமே இருத்தல் வேண்டும். எழுதுவினைஞனாக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித்தரப்பட்ட விதி இது. நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வுபெறும் வரை இதை நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். காணிப் பிரச்சினையையும் பிள்ளையின் இடமாற்றத்தையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுவந்தவர்களை, இரண்டாக எழுதி வரும்படி திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் சிலர் தூரத்துக் கிளிவெட்டியிலிருந்து பஸ் மாறி வந்தவர்கள். அந்தப் பாவம்தான் என்னைப் பிடித்தது என்கிறார் என் மனைவி. எனக்குப் பாவத்தில் நம்பிக்கை இல்லை. விதியை மீறினால் விளைவு வரும், அவ்வளவுதான்.

விடயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஒரு ராட்சத ரோபோ இருந்தது, கைபேசிக்குள்.

ஓய்வுபெற்ற பிறகு காலையில் மரண அறிவித்தல்களைப் படிப்பது என் வழக்கம். ஒருநாள் என்னோடு வேலை செய்த ஒருவரின் அறிவித்தலைப் பெரிதாக்கப் போனேன். விரல் தவறி, அதற்குக் கீழே விளம்பரத்தில் கையை உயர்த்தி நின்ற ரோபோவின் மேல் பட்டுவிட்டது. காலமானவரின் இறுதிக் கிரியை எத்தனை மணிக்கு என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த விளையாட்டில் எல்லாம் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனவை. முன்பு தொலைக்காட்சியோடு பொருத்தி விளையாடிய விளையாட்டுகளைப் போலவே வேண்டுமென்று செய்திருக்கிறார்கள். சத்தமும் அந்தக் காலத்துக் கீச்சுச் சத்தம். ரோபோ எங்கள் ஊர்த் துறைமுகத்தின் பாரந்தூக்கியளவு உயரம். அதன் நெஞ்சுக்குள் ஒரு கதிரை. அதில் இருந்து அதை ஓட்டுபவன் நான். வேகமான விரல்கள் தேவையில்லை. எதிரி ஒருமுறை அடித்துவிட்டு, நான் தாக்குவதா, தடுப்பதா, திருத்துவதா என்று தீர்மானிக்கும்வரை காத்து நிற்பான். எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் நிற்பான். எதிரி இவ்வளவு ஒழுங்காகக் காத்திருக்கும் போரை நான் இந்த நாட்டில் கண்டதில்லை.

சண்டைகளுக்கு இடையில் ஊர்கள் வரும். ஊருக்கு ஊர் மனுக்கள். பாலம் உடைந்துவிட்டது, கிணறு வற்றிவிட்டது, மாட்டைக் காணவில்லை. ரோபோ போய்ச் செய்துகொடுக்கும். நான் வாழ்நாள் முழுவதும் செய்த வேலைதான். ஆனால் இங்கே வேலை முடிந்ததும் நன்றி சொல்கிறார்கள்.

இரண்டு வருடங்களில் என் ரோபோ அறுபத்தோராம் படிக்கு வந்துவிட்டது. உடைந்த உறுப்பைச் சரிசெய்யும் திருத்தப் பெட்டிகள் நாற்பது சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றையும் பாவித்ததில்லை. மிச்சமிருந்தது ஒரேயொரு கடைசிக் கோட்டை. அதன் வாசலில் ரோபோவை நிறுத்தி நான்கு மாதங்களாக ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்பதை என் கண்ணால், என் கையால், நானே முதலில் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே அந்த நாட்களில் எனக்கிருந்த ஆசை.

அந்தக் கண்ணில்தான் புரை வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் இரண்டு வாரம் கைபேசியைப் பார்க்கக்கூடாது என்று வைத்தியர் சொன்னார். விளையாட்டின் விதி வேறு: ஏழு நாட்கள் தொடர்ந்து திறக்காவிட்டால் ரோபோ துருப்பிடிக்கும், அதன்பின் நாளுக்கு ஒரு படி இறங்கும். நல்ல விதி. கடமைக்கு வராதவனின் சம்பளத்தை வெட்டுவதைப் போல. ஆகவே பதில் கடமைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. என் மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்ணில் பட்டால் நான் பார்த்துவிடுவேன் என்று என் கைபேசியைப் பூட்டி வைத்துவிட்டு, தன்னுடையதில் தினமும் ஒருமுறை திறந்து மூடுவதாக ஒப்புக்கொண்டார். ரோபோவை இன்னொரு கைபேசிக்கு மாற்ற விளையாட்டே ஒரு குறியீடு தரும். அதை யார் முதலில் அடிக்கிறாரோ அவருடைய கைபேசிக்கு ரோபோ போய்விடும். பிறகு அந்தக் குறியீடு செல்லாது.

இனித்தான் மீறல். எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு நான் செயலாளர். அந்த இரண்டு வாரமும் சங்க வேலைகளைப் பார்க்கக் கிண்ணியாவிலுள்ள என் நண்பரைக் கேட்டிருந்தேன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் அவரை, அவர்கள் வழக்கில் அண்ணா என்பதுபோல, நானா என்பேன், அவர் என்னைச் சேர் என்பார். சத்திரசிகிச்சைக்குப் புறப்படும் காலையில், கண்ணில் மருந்து விட்ட நிலையில், அவருக்கான நியமனக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல மனைவி தன் கைபேசியில் அடித்தார்.

"இஞ்சேருங்கோ, வான் வந்து நிக்குது. போதும்."

"இன்னும் ஒரு பந்திதான்."

"கண் ஒப்பரேசனுக்குப் போறவர் பந்தி எழுதுறார்."

அவசரத்தில் அந்த இரண்டாம் பந்தியில் ரோபோவையும் சேர்த்துவிட்டேன். மேற்படி காலப்பகுதியில் ராட்சத ரோபோவின் பொறுப்பும் கீழ்க்காணும் குறியீட்டின் மூலம் ஒப்படைக்கப்படுகிறது. தினமும் தவறாது திறந்து பார்த்தல் வேண்டும். யாரிடம் என்று சொல்லவில்லை. அடிப்பவரே மனைவி, அதை வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். பிரதி மனைவிக்கு, தகவலுக்காக. கடிதம் கிண்ணியாவுக்குப் போனது.

கண் கட்டோடு அன்புவழிபுரத்து வீட்டில் படுத்திருந்த நாட்களில் தினமும் அறிக்கை கேட்டேன்.

"எப்பிடிப் போகுது?"

"நல்லாப் போகுது."

"எங்க நிக்குது?"

"ஒரு மரத்துக்குக் கீழ."

கோட்டை வாசலில் மரம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஐந்தாம் நாள் அறிக்கை இன்னும் விரிவானது.

"இண்டைக்குக் கடலுக்குள்ள இறங்கி ஒரு சுறாவை அடிச்சது."

"அது கடலுக்குள்ள இறங்காது. துருப்பிடிக்கும்."

"இறங்கினது. நான்தான் இறக்கினனான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பிறகு துடைச்சு விட்டனான்."

கட்டு அவிழ்த்த அன்று உண்மை வந்தது. சத்திரசிகிச்சை நடந்த அன்று மாலையே மனைவி குறியீட்டை அடித்திருக்கிறார். இது ஏற்கெனவே பாவிக்கப்பட்டுவிட்டது என்று வந்திருக்கிறது. கண் நோயாளிக்கு இரத்த அழுத்தம் ஏறக்கூடாது என்று வைத்தியர் சொன்னதால், இரண்டு வாரமாக ஒரு ரோபோவைக் கற்பனையில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கிண்ணியாவுக்கு அழைப்பெடுத்தேன்.

"சேர், கண் எப்படி?"

"கண் நல்லம். நானா, உங்களிட்ட என்ர ரோபோ இருக்கா?"

"உங்கடயா? நான் சங்கத்துச் சொத்தெண்டல்லவா நினைச்சன். ரெண்டாம் பந்தியில இருந்திச்சே. ஒரு நாளும் தவறாமத் திறந்து பாக்கன். நிறமும் மாத்தினன்."

"என்ன நிறம்?"

"பச்சை."

"பெட்டிகள் நாற்பது இருந்ததே?"

"பன்னிரண்டு இருக்கு. கை, கால் உடைஞ்சாப் பாவிக்கத்தானே சேர் அதத் தாறான். வெச்சிருந்து என்ன செய்யப் போறீங்க?"

திருப்பித் தர அவருக்குத் தடையில்லை. விளையாட்டின் விதிதான் தடை. ஒருமுறை மாற்றிய ரோபோவை மறுபடி மாற்ற, அதை நடத்தும் நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். நான் பொறுப்பில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். எங்கோ தூர தேசத்திலுள்ள அந்த நிறுவனத்துக்கு, இலக்கமிட்டு, தலைப்பிட்டு, விண்ணப்பம் எழுதினேன். உங்கள் மடல் கிடைத்தது என்று அரை நிமிடத்தில் ஓர் இயந்திரம் சொன்னது. அதன்பின் மௌனம். பதினான்கு நாட்களில் முதல் நினைவூட்டல் அனுப்பினேன். இன்னும் பதினான்கு நாட்களில் இரண்டாவது.

நானா சனிக்கிழமைகளில் சங்கக் கடிதங்களோடு மோட்டார் சைக்கிளில் வருவார். அப்படி வந்த ஒரு நாளில், தேத்தண்ணியை ஊதிக்கொண்டே சொன்னார்:

"கடைசிக் கோட்டை ஒண்டு இருக்கு போல. வாற கிழமை உள்ள போகலாமெண்டு இருக்கன்."

கோட்டை ஒருமுறைதான் விழும். அவர் உள்ளே போனால் நான் பார்க்க மிச்சமொன்றும் இருக்காது. போகாதீர்கள் என்று ஒரு சொல்லில் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு முன்னாள் நிர்வாக உத்தியோகத்தர் விளையாட்டுக்காகக் கெஞ்சுவது அழகல்ல. ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் போனேன்.

"நேரா உள்ள போகேலாது, நானா. முதல்ல ஏழு ஊர்த் தலைவர்களின்ர சம்மதம் எடுக்க வேணும்."

அது முழுப்பொய். அவர் தலையை ஆட்டினார்.

"அதுதானே. எழுத்திலயா?"

"வாய்மொழி போதும்."

அந்த விளையாட்டில் எந்த ஊர்த் தலைவனும் எப்போது போனாலும் ஒரே வசனம்தான் பேசுவான்: வருக, வீரனே. நானா சனிக்குச் சனி ஒரு தலைவனைச் சந்தித்து, அதைத் தன் சட்டைப்பைக் குறிப்பேட்டில் சிபாரிசாகப் பதிந்துகொண்டு வந்து காட்டுவார். ஏழும் முடிந்தபோது, கோட்டையைச் சுற்றிக் காடு இருப்பதால் சுற்றாடல் அறிக்கை தேவை என்றேன். நான்கு எல்லைகளிலும் ரோபோவைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். நிறுத்தினார். குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி அவர் போன பிறகு வந்தார்.

"வெக்கமில்லையா உங்களுக்கு?"

"நடைமுறை."

"உங்கட நடைமுறையால அந்த மனுசன் காடு முழுக்க அலையுது."

நிறுவனம் மட்டும் வாய் திறக்கவில்லை. நினைவூட்டல்கள் தவறாமல் போய்க்கொண்டிருந்தன. அடுத்த சனிக்கிழமை மாலை நானும் நானாவும் உட்துறைமுகப் பக்கம் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று நாங்கள் சாப்பிட்ட ரோல்ஸ் சுற்றிய கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது. நானா குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஏழு சம்மதம், நாலு எல்லை. இனி என்ன சேர்?"

என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. தீயணைப்புச் சான்றிதழ் என்று தொடங்கினேன். அவர் சிரித்தார்.

"மூணாவது தலைவருக்கிட்டப் போகக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு. கந்தோரில எனக்கு மேல இருந்த பெரியவர் ஒருத்தரும் இப்படித்தான். விருப்பமில்லாட்டி மாட்டனெண்டு சொல்லமாட்டார். இன்னொரு கந்தோருக்கு அனுப்புவார்."

"பிறகேன் நானா போனனீங்கள்?"

"போற வழியில சண்டை வரும், பெட்டி கிடைக்கும். மற்றது, நீங்க அடுத்ததா என்னத்தக் கேப்பீங்களெண்டு பாக்கவும் ஆசை." கைபேசியை என் மடியில் வைத்தார். "பதில் கடமை பாக்கிறவன் கடைசிக் கையெழுத்து வெக்கேலாது. நீங்க அடிங்க."

கோட்டைக் கதவைத் திறந்தேன். உள்ளே என் ரோபோவைவிட இரண்டு மடங்கு உயரத்தில் இன்னொரு ரோபோ, முழுக்கக் கறுப்பு. நான் முறையாகச் சண்டையிட்டேன். தடுத்தேன், பின்வாங்கினேன், அளந்து அடித்தேன். இடது கை போனது. வலது கால் போனது. நானா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பெட்டி பதினெட்டு இருக்கு, சேர்."

"தெரியும். அவசரத்துக்கு."

"ஒரு கால்ல நிக்கிது. இதவிட அவசரமென்ன வரப்போகுது?"

அடுத்த அடியில் ரோபோ விழுந்தது. பதினெட்டுப் பெட்டிகளும் அப்படியே இருந்தன. இரண்டு வருடத்துக்கும் மேலாக ஆயத்தம் செய்த சண்டையை நான் களஞ்சியம் நிறைந்தபடியே தோற்றேன். தோற்றால் வாசலிலிருந்து மீண்டும் தொடங்கலாம். ஆனால் கைபேசி அவருடையது, நான் அதை நீட்டினேன்.

நானா ஓட்டிய விதத்தைப் பார்க்க எனக்குக் கண் கூசியது. ஒரு கீறல் விழுந்தாலும் ஒரு பெட்டி. தடுப்பதேயில்லை. கறுப்பு ரோபோவின் நெஞ்சுக்குள் ஒரு சிவப்புச் சதுரம் இடைக்கிடை மின்னுவதை மட்டும் நான் கவனித்திருந்தேன். அது மின்னும்போதெல்லாம் "இப்ப" என்றேன், அவர் அடித்தார். பதினேழாவது பெட்டி தீர்ந்தபோது அது விழுந்தது. பின்சுவர் இடிந்தது. அப்பால் பனி மூடிய இன்னொரு தேசம், அதிலும் ஊர்கள், ஊர்களில் ஆட்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு மனு.

"முடியல்ல போல, சேர்," என்றார் நானா. மகிழ்ச்சியாகத்தான் சொன்னார்.

அதன்பின் சனிக்கிழமைகள் ஒழுங்குக்கு வந்தன. மனுக்களை நான் வாசித்து எது முதலில் என்று தீர்மானிப்பேன். சண்டை அவருடையது. பெட்டிகளைப் பற்றிப் பேச எனக்கு அனுமதியில்லை. "இப்ப" என்று சொல்ல மட்டும் அனுமதி. பனித் தேசத்தில் ஐந்து ஊர்கள் கடந்தபோது நிறுவனத்தின் பதில் வந்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம், அனுமதி வழங்கப்படுகிறது, இது கிடைத்து ஏழு நாட்களுக்குள் ரோபோவை மாற்றிக்கொள்ளாவிட்டால் அனுமதி காலாவதியாகும்.

அடுத்த சனிக்கிழமை நானா கேட்டார்: "பதில் இன்னம் வரல்லயா, சேர்?"

"இல்லை."

"ஒரு நினைவூட்டல் போடுங்களன்."

"போடுவம்," என்றேன்.

அலுவலகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஒரு கடிதம் கிடைத்த நாள் என்பது அது வந்த நாளல்ல, அதன் மேல் மூலையில் திகதி இடப்பட்ட நாள். பதில் என் கைபேசிக்கு வந்தது மாட்டுப்பொங்கலன்று காலை. நான் அதை அச்சிட்டுக் கோவையில் வைத்து, கிடைத்த திகதியை எழுதியது அந்த ஏழு நாட்களும் கழிந்த பிறகு, தைப்பூசத்துக்கு மறுநாள்.