ஞாயிற்றுக்கிழமைச் சகோதரி

தொண்ணூறுகளில் இத்தாலியில் அகப்பட்டிருந்த எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கனடாவுக்கு வர வழி தேடிக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கனடாவிலிருந்து இத்தாலிக்குப் போனேன். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் இதைக் கேள்விப்பட்டவர்கள் முதலில் எனக்கு உடம்பு சுகமா என்று விசாரித்தார்கள். மூன்றாம் மாடி அன்ரி, மூளைக்கு நல்லதென்று எங்கிருந்தோ வல்லாரை தேடிப்பிடித்துக் கொண்டுவந்து தந்தார். நான் அதைச் சம்பல் போட்டுச் சாப்பிட்டுவிட்டு ரிக்கற்றுக்கு விலை விசாரித்தேன்.

விஷயம் பெரிய சிக்கலில்லை. என் புருஷனும் நானும் மகளும் ஒன்றாகத்தான் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். ரோமில் வைத்து, எங்களைக் கனடாவுக்கு அனுப்பக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரர், பெண்ணும் பிள்ளையும் முதலில் போகட்டும், ஐயா இரண்டு கிழமையில் வரலாம் என்றார். அப்போது என் வயிற்றில் மகன். நான் ரொறொன்ரோவில் வந்து இறங்கினேன். ஏஜென்சிக்காரர் எங்கே போய் இறங்கினார் என்று இன்றுவரை தெரியாது. என் புருஷன் பலேர்மோ நகரத்துக்குப் போய், ஒரு வீட்டில் படுக்கையில் கிடந்த பெரியவரைப் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். விசாவும் அந்த வேலையால்தான் கிடைத்தது. அவரைக் கனடாவுக்குக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பம் ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் குடும்பத்திலேயே கூடுதலாகப் பயணம் செய்தது அதுதான். மகனுக்கு ஐந்து வயது நடக்கும்போது எங்களுக்குக் கனடாப் பாஸ்போட் கிடைத்தது. என் பொறுமையும் அந்த மாதத்தோடு முடிந்தது. அவர் வர முடியாவிட்டால் நாங்கள் போவது என்று முடிவெடுத்தேன்.

அவர் இருந்த வீட்டில் ரெலிபோன் வீட்டுக்காரியினுடையது. படுக்கையில் கிடந்தவரின் மனைவி. சின்யோரா என்றுதான் அவரைச் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எடுத்தால் எப்போதும் சின்யோராதான் தூக்குவார். என்னவோ நிறையச் சொல்வார். நான் என் புருஷனின் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பேன். பிறகு அவர் வந்து, "ஓம். சுகமாயிருக்கிறன். அங்க எல்லாரும் சுகமோ? சரி, வேலை கிடக்கு" என்பார். மகனைக் கொடுக்கட்டோ என்று கேட்டால், "அடுத்த கிழமை பாப்பம்" என்பார். அந்த அடுத்த கிழமை ஐந்து வருடமாக வரவில்லை. மனுஷனுக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

போகிற இடத்தில் ஊமைபோல நிற்கக்கூடாது என்று, உயர்பள்ளி ஒன்றில் பின்னேரங்களில் நடந்த இத்தாலிய வகுப்பில் சேர்ந்தேன். பிள்ளைகளை என் மச்சாள் பார்த்துக்கொண்டார். என் புருஷனின் சொந்த அக்கா. எங்கள் கட்டடத்திலேயே இருந்தவர். "கனடாவை விட்டிட்டு ஆரும் இத்தாலிக்குப் போவினமோ? உமக்கு விசர்" என்று சொல்லிச் சொல்லித்தான் பார்த்துக்கொண்டார்.

வகுப்பில் முதல்நாள் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் ஏன் இத்தாலியம் படிக்க வந்தீர்கள் என்று கேட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பாட்டுக் கேட்க என்றார். ஒரு புருஷன் பெண்சாதி விடுமுறைக்குப் போக என்றார்கள். என் புருஷன் அங்கே இருக்கிறார் என்று நான் சொன்னேன். ஆசிரியை, அதுவும் நல்ல காரணம்தான் என்றார். அந்த வகுப்பில் ஹோட்டலில் அறை எடுக்கவும் கடற்கரைக்கு வழி கேட்கவும் நன்றாகச் சொல்லித் தந்தார்கள். காய்ச்சல் பிள்ளையை டொக்டரிடம் காட்டுவதற்கும் வேலை கேட்பதற்கும் வேண்டிய வசனங்களை நான் தனியாக மறித்துக் கேட்டுத்தான் எடுத்தேன்.

ஒரு வின்ரர் முடிய, எனக்கும் சின்யோராவுக்கும் பேச்சு ஓடத் தொடங்கியது. அவருக்கு முழங்கால் நோ. எனக்குப் பஸ் தரிப்பில் நின்று நின்று காது மரத்த கதை. மனுஷியின் வாய் வாய்தான், ஆனால் கெட்டவரில்லை. சில ஞாயிறுகளில் அவரோடு கதைத்து முடியும்போது என் புருஷனோடு கதைக்க நேரமிருக்காது. அவர் அதைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு சின்யோரா சொன்னார்: உங்கள் அண்ணன் தங்கமான மனிதர், இத்தனை வயதாகியும் நீங்கள் ஏன் அவருக்கு ஒரு பெண் பார்க்கவில்லை? கூடப்பிறந்தவள் நீங்கள்தானே இதைச் செய்ய வேண்டும்? மேல்வீட்டில் மொரீஷியஸ்காரி ஒருத்தி வேலை செய்கிறாள். துப்புரவானவள். சமயம் வேறு, ஆனால் பேசிப் பார்க்கலாம்.

ஒரு பாஷை எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று தெரிந்தது அந்த நிமிடம்தான். ஒரு சொல்கூடத் தப்பவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொன்னேன். பிறகு என் புருஷன் ரெலிபோனுக்கு வந்தார்.

"இஞ்சருங்கோ, நான் உங்களுக்கு ஆர்?"

அவர் இரண்டு தரம் செருமினார்.

"மேல்வீட்டுப் பொம்பிளை நல்லவவாம். செய்து வைக்கட்டோ?"

"கத்தாதையும்" என்றார்.

"நான் இன்னும் கத்தத் தொடங்கேல்லை."

மெல்ல மெல்லச் சொன்னார். வீட்டோடு தங்கும் வேலை என்பதால் கலியாணமாகாத ஆள்தான் வேண்டும் என்று சின்யோரா கேட்டாராம். குடும்பக்காரன் என்றால் ஒருநாள் குடும்பத்தைக் கூப்பிட்டுவிடுவான் என்று பயமாம். மனுஷி பயந்ததில் ஒரு பிழையுமில்லை. இவர் தலையாட்டிவிட்டார். பிறகு கிழமைக்குக் கிழமை கனடாவிலிருந்து ஒரு பெண் குரல் வர, தங்கச்சி என்று சொல்லிவிட்டார்.

"அப்ப பிள்ளையளோட ஏன் ஒருநாளும் கதைக்கேல்லை?"

"ரெலிபோனுக்குப் பக்கத்திலதான் அவ இருக்கிறவ. பிள்ளையளோட கதைச்சால் என்ர குரல் காட்டிக்குடுத்திடும்."

அழுகை வந்தது. அழுதால் கோபம் இறங்கிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

அவரிடம் ஒரு திட்டமும் இருந்தது. "தங்கச்சியும் பிள்ளையளும் வருகினம் எண்டு சொல்லுறன். பின்னுக்கு இரண்டு அறை சும்மாதான் கிடக்கு. அவவின்ர முன்னால பிள்ளையள் என்னை மாமா எண்டு கூப்பிடட்டும். கொஞ்ச நாளைக்குத்தான். வேலை போனால் விசாவும் போயிடும். விளங்குதோ?"

விளங்கியது. மகளுக்கு எட்டு வயது. அவள் எந்தப் பொய்யையும் ஆசிரியருக்கே சிரித்துக்கொண்டு சொல்வாள். மகன்தான் சிக்கல். அவனுக்கு அப்பா என்ற சொல், வாங்கி வைத்துவிட்டுப் பெட்டி பிரிக்காத சாமான்போல இருந்தது. கூப்பிட ஆள் இருக்கவில்லை. அந்த ஆளைக் கண்ணால் காணும் முதல்நாளே, இவர் மாமா என்று சொல்லிக்கொடுப்பதற்கா கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போவது? இப்படி ஒரு யோசனை எங்கள் ஆட்களுக்குத்தான் வரும். விசாவுக்காக வயதை மாற்றுவோம், பெயரை மாற்றுவோம், கடைசியில் தகப்பனையும் மாற்றுவோம்.

மச்சாளிடம் போய்ச் சொன்னேன். "கொஞ்ச நாள்தானே. மாமா எண்டு கூப்பிட்டால் தேய்ஞ்சு போவானோ?" என்றார் முதலில். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கனடாவில இருக்கிற சகோதரி எண்டு உம்மையோ சொன்னவன்? அப்ப நான் ஆர்?" அன்றிலிருந்து மச்சாள் என் பக்கம்.

சின்யோராவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று என் புருஷனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மறிப்பார். ஆசிரியைக்குத்தான் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, இந்தக் கிழமை பேச்சுப் பயிற்சிக்கு ஹோட்டல் வேண்டாம், இதையே செய்வோம் என்றார். தபால்காரர் சின்யோராவாக நடித்தார். நான் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்ததும், என் வீட்டைவிட்டு எல்லோரும் வெளியே போங்கள் என்று மேசையில் அடித்தார். அவ்வளவு தேவையில்லை. விடுமுறைக்குப் போகவிருந்த பெண் எழும்பி எனக்காகச் சண்டைக்கு வந்தார். அவருக்குத் தெரிந்தது ஹோட்டல் வசனங்கள் மட்டும்தான் என்பதால், எனக்குக் கடல் தெரிகிற அறையும் காலைச் சாப்பாடும் உடனே தர வேண்டும் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தபால்காரர் சொன்னதைத்தான் சின்யோராவும் சொன்னால், என் புருஷனுக்கு வேலையும் இல்லை, விசாவும் இல்லை, பிள்ளைகளுக்குத் தகப்பனிடம் போக ஓர் இடமும் இல்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த மேசைச் சத்தம் காதுக்குள் கேட்டது.

ஞாயிறு எடுத்தேன். பிள்ளைகள் பக்கத்தில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்யோரா முழங்காலில் தொடங்கினார். நான் இடைமறித்தேன். சின்யோரா, நான் அவருடைய சகோதரி இல்லை. மனைவி. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பொய் சொன்னதற்கு மன்னியுங்கள். நாங்கள் அங்கே வர விரும்புகிறோம். ஆனால் தகப்பனை மாமா என்று கூப்பிடப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க மாட்டேன்.

வகுப்பில் பழகிய பதில் ஒன்றும் வரவில்லை. ரெலிபோனை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தூரப் போனது. ஒரு கதவு. பிறகு சின்யோராவின் குரல், உயர்ந்து, நிற்காமல். அதில் பாதிதான் எனக்கு விளங்கியது. விளங்கிய பாதி நல்லதாக இல்லை. குடியைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

என் புருஷன் ரெலிபோனுக்கு வந்தார். "என்ன சொன்னனீர்?"

"உள்ளதைச் சொன்னன். அவ என்ன சொல்லுறா?"

"இத்தனை வருஷம் என்ர வீட்டுச் சோத்தைத் திண்டுகொண்டு பொய் சொன்னனீ எண்டு ஏசுறா." மூச்சு வாங்கினார். "முன்னுக்குத்தான் நிக்கிறா."

"போகச் சொல்லிட்டாவோ?"

"இல்லை. பிள்ளையளின்ர பேர் என்னவெண்டு கேக்கிறா."

"சொல்லுங்கோவன்."

சொன்னார். முதலில் மகளின் பெயர். பிறகு மகனின் பெயர். சின்யோரா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துப் பிழையாக உச்சரிக்க, இவர் திருத்தினார். இரண்டாம் தரம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதன் பிறகு மூன்று கிழமை சின்யோரா அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அந்த மூன்று கிழமைக்குள் பின் அறைகள் இரண்டுக்கும் சின்யோரா ஆள் பிடித்து வெள்ளையடித்து முடித்திருந்தாராம். அதெல்லாம் நாங்கள் போன பிறகு அறிந்தது. அன்றைக்கு எனக்குக் கேட்டது ஒரு கதிரையை இழுக்கிற சத்தமும், இரு, இருந்து கதை என்று அவருக்குச் சொல்லுகிற சின்யோராவின் குரலும்தான்.

"மகனைக் குடும்" என்றார்.

மகன் கார்ட்டூனிலிருந்து கண்ணை எடுக்காமல் ரெலிபோனை வாங்கினான். "ஹலோ, ஆர் கதைக்கிறது?" என்று கேட்டான்.

நான் ரெலிபோனிலிருந்து தள்ளித்தான் நின்றேன். அப்படியிருந்தும் எனக்குக் கேட்டது. அந்த வீடு முழுக்கக் கேட்கட்டும் என்பதுபோல அவர் சத்தமாகச் சொன்னார்.

"அப்பா கதைக்கிறன்."