முல்சான்காரனின் அறுபது

என் கார் பழுதான வாரம், ட்ருகனினா என்ற புறநகரில் உள்ள கிடங்கு வேலைக்கு என்னை ஏற்றிப்போனவன் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்தான். பிரான்சில் முல்சான் என்ற சின்ன ஊரில் பத்து வருடம் இருந்தவன். இருபத்துநாலு மணிநேரக் கார்ப் பந்தயத்தால் உலகம் அறிந்த ஊர் அது.

இன்னொரு நாள் பிந்தினால் என் வேலை போய்விடும். அவனோ வேக எல்லையான அறுபது கிலோமீற்றரைத் தாண்டவில்லை. லொறிகள்கூட எங்களை முந்திப் போயின.

"பந்தய ஊர்க்காரன் ஓடுற ஓட்டமாடா இது? மிதி மச்சான்."

"அந்தப் பந்தய ரோட்டாலதான் நான் மற்ற நாளில பேக்கரிக்குப் பாண் வாங்கப் போறனான். பந்தயமெண்டா ரோட்டை மூடுவாங்கள். இங்க ஆர் மூடினது?"

எனக்குக் கொதித்தது. மூன்று நிமிடம் பிந்தினோம். அவன் எனக்கு முன்னே மேற்பார்வையாளரிடம் போய், பிழை தன்னுடையது என்று சொன்னான். என் வேலை தப்பியது. எச்சரிக்கை அவனுக்கு விழுந்தது.

நான் லேசில் யாரையும் மெச்சுகிறவன் இல்லை. ஆனால் வேகத்தைப் பந்தயத்துக்கு மட்டும் அவிழ்த்துவிட்டு, மற்ற நாளெல்லாம் கட்டி வைக்கத் தெரிந்த அந்த ஊரை மெச்சுகிறேன்.

மறுநாள் கால்மணி முன்பே என் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தான்.

"அறுபதுதான் ஓடுவன். நீ வெள்ளன எழும்பு."