ஐலா கையால் வைத்த நிலா

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் யாரும் வாயைப் பிளந்ததில்லை. இரும்புச் சுரங்கத்தில் காசு கொட்டிய காலத்தில் கட்டியது. கீழே சுரங்கத் தொப்பிகளும், பாதியைப் பூச்சி தின்றுவிட்ட ஒரு பாடம் செய்த கடமானும். மேலே, மனிதன் நிலாவில் கால் வைத்த வருஷத்து உற்சாகத்தில் சேர்த்த கோளரங்கம். நாற்பத்திரண்டு நாற்காலிகள், அதில் ஆறு சாயாது, இரண்டு சாய்ந்தால் நிமிராது. பகலில் அது பள்ளிப் பிள்ளைகளுக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் பெரியவர்களுக்கு. அந்த வியாழக்கிழமைகளை முப்பது வருஷமாக நடத்திவந்தவள் ஐலா நிஸ்கனென். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள்.

படிப்பு பள்ளி இறுதியோடு சரி. கணவன் பிரிந்துபோன குளிர்காலத்தில், வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் இந்த மாலை வகுப்பில் வந்து சேர்ந்தாள். ஒரு வியாழக்கிழமை பனிப்புயலில் வகுப்பெடுப்பவர் வரவில்லை. பஸ் ஓட்டுகிறவளுக்குப் புயல் ஒரு பொருட்டா, வந்துவிட்டாள். வந்திருந்த ஏழு பேரைத் திருப்பி அனுப்ப மனசு வராமல், கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, கூரையில் வானத்தைக் காட்டும் கருவியைத் தானே ஓட்டினாள். சனியை இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் எதிரில் வைத்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை. அவள்தான் வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்து, அடுத்த வாரம் ஏழு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டாள். அப்படிப்பட்ட ஆள். தப்பான வானத்தைக் காட்டுவது அவளுக்குப் பொய்ச்சாட்சி சொல்வது போல.

நட்சத்திரங்களைக் கருவி தானே பார்த்துக்கொள்ளும். நிலாவும் கிரகங்களும் அப்படியில்லை. பழைய கருவி, வான அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் கையால் திருகி இடத்தில் வைக்க வேண்டும். நிலாவுக்குத் தனி விளக்கு, தனி ஸ்விட்ச். போட்டால் உண்டு, போடாவிட்டால் இல்லை.

வருஷத்தின் கடைசி வகுப்பு ஏப்ரலில் வரும். அன்றைக்குத் தேதிச் சீட்டு என்று ஒரு வழக்கம். முந்தின வாரமே ஆளுக்கொரு தேதியும் நேரமும் இடமும் எழுதிக் காபி டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஐலா அட்டவணையைப் பார்த்துக் குறித்து வைத்து, அந்த நாளின் வானத்தை அப்படியே காட்டுவாள். பிள்ளை பிறந்த நாள், கல்யாண நாள், போர்முனையிலிருந்து திரும்பி வந்த நாள். சிலர் அழுவார்கள். அழுகைக்குப் பிறகு காபியும், வகுப்புக்கு வருகிற பெர்னிஸ் கொலார் கொண்டுவரும் வால்நட் ரொட்டியும் உண்டு.

அந்த வருஷம் டப்பாவில் கிடந்த சீட்டுகளில் ஒன்றைப் பிரித்ததும் ஐலாவுக்குக் கை நின்றுவிட்டது. ‘1974 நவம்பர் 30, சாயங்காலம் ஏழரை, லூன் ஏரி. ரூடி பிரெபிச்.’

அவளுடைய அண்ணன் எய்னோ செத்த நாள் அது. அவனுக்கு இருபத்திரண்டு வயது, ஐலாவுக்குப் பதினாலு. ஏரி உறைகிற முதல் வாரத்தில் யார் முதலில் பனிமேல் கால் வைப்பது என்று எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ஓர் அசட்டு வீம்பு உண்டு. எய்னோவும் அவன் சிநேகிதன் ரூடியும் மீன் தூண்டிலோடு போனார்கள். முன்னால் போன எய்னோவின் காலடியில் பனி உடைந்தது. ரூடி மட்டும் திரும்பி வந்தான். நாற்பத்தைந்து வருஷமாக ரூடி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிவந்தான், சாராயக் கடையிலும் சரி, சர்ச்சு வாசலிலும் சரி: நிலா இல்லை, என் கையே எனக்குத் தெரியவில்லை, அவன் எங்கே விழுந்தான் என்று எப்படிப் பார்ப்பேன். ஊர் தலையாட்டிற்று. ஐலாவும் நம்பினாள்.

ஊருக்கெல்லாம் நிலா வைத்துக் காட்டியவள், அந்த ஒரு தேதிக்கு மட்டும் அட்டவணையைப் புரட்டியதே இல்லை. அந்தப் புத்தகம் அவள் சமையலறை அலமாரியில்தான் இருந்தது. நேரமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். முப்பது வருஷமாக நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புரட்டினாள். முழு நிலா முந்தின நாள். முப்பதாம் தேதி சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் கிழக்கே ஏறியிருக்கும். ஏழரைக்கு மரங்களுக்கு மேலே நின்றிருக்கும். மேகம் இருந்திருக்கலாமே என்று ஒரு நப்பாசை. திங்கட்கிழமை பஸ்ஸை நிறுத்திவிட்டு நேரே அருங்காட்சியகத்துக்குப் போய், பழைய செய்தித்தாள் கட்டை இறக்கிப் பார்த்தாள். தெளிந்த வானம், கடுங்குளிர் என்று போட்டிருந்தது. தூசியோடு தூசியாக அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு ரூடிமேல் ஆத்திரமாக வந்தது. சுரங்கத் தூசியில் நுரையீரல் போய், மூக்கில் குழாயும் காலடியில் ஆக்சிஜன் உருளையுமாக அலைகிற மனுஷன்; கோடையைத் தாண்ட மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகப் பேச்சு. சாவதற்கு முன்னால் என் கையாலேயே சாட்சி வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறானா, அந்த இருட்டை எல்லார் தலைக்கு மேலேயும் நான் விரித்துக் காட்ட வேண்டுமா என்று பொருமினாள். நிலா விளக்கைப் போடாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ரூடி நிம்மதியாகப் போய்ச் சேருவான். போட்டாலோ, பத்துப் பன்னிரண்டு பேர் முன்னால் அவன் வாழ்நாள் வாக்கியம் பொய்யாகும். எது செய்தாலும் அவளுக்குத் தூக்கம் போகும். வியாழக்கிழமை வரைக்கும் அவள் முடிவு செய்யவில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். வெளியே இன்னும் பனி முழுசாக உருகவில்லை. பெர்னிஸ் தன் கல்யாண நாளைக் கேட்டிருந்தாள். ஐலா அந்த வானத்தைக் காட்டியதும், “இவ்வளவு நட்சத்திரம் இருந்துச்சா? எங்க வீட்டுக்காரர் என்னைத் தலை தூக்கவே விடல” என்றாள். கூடம் சிரித்தது. ரூடியும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. ஐலா சிரிக்கவில்லை. ரூடியின் சீட்டைக் கடைசியாக வைத்திருந்தாள்.

“ரூடி பிரெபிச் கேட்ட தேதி” என்று படித்தாள். தேதியைப் படித்ததும் சிரிப்பு நின்றது. எங்கள் ஊரில் அந்தத் தேதி தெரியாத பெரியவர்கள் கிடையாது. விளக்குகளை இறக்கினாள். நட்சத்திரங்கள் வந்தன. தெற்கே வியாழனை வைத்தாள். வானம் நல்ல இருட்டாக, ரூடி சொல்லிவந்தபடியே இருந்தது. ஸ்விட்சின்மேல் விரலை வைத்துக்கொண்டு, முப்பது வருஷத்தில் யாரிடமும் கேட்காததை அவனிடம் கேட்டாள்.

“ரூடி, நிலாவைப் போடட்டுமா?”

அவன் மூக்குக்குழாயைச் சரிசெய்துகொண்டான்.

“போடு ஐலா. அதுக்குத்தான் எழுதிப் போட்டேன்.”

போட்டாள். கிழக்குச் சுவரில், அடியில் வரைந்திருந்த மரவரிசைக்கு மேலே, ஓரம் மட்டும் துளி தேய்ந்த நிலா வந்து நின்றது.

“இப்படித்தான் இருந்துச்சு” என்றான் ரூடி. “இதைவிட வெளிச்சம். கீழே பனி வேற. அவன் முகம் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. உடைஞ்ச விளிம்பைப் புடிச்சிட்டு இருந்தான். பன்னெண்டு அடி இருக்கும். நாங்க இழுத்துட்டுப் போன சறுக்கு வண்டில கயிறு கிடந்துச்சு. குனிஞ்சு எடுக்கணும், அவ்வளவுதான். என் கால் வரல. கீழே கீச்சுனு ஒரு சத்தம் கேட்டுச்சு, நானும் போயிருவேன்னு நின்னுட்டேன். அவன் கத்தக்கூட இல்ல. என்னையே பார்த்துட்டு இருந்தான்.”

“போதும் ரூடி” என்று பெர்னிஸ் மெல்லச் சொன்னாள்.

“சொல்லட்டும்” என்றாள் ஐலா. பிறகு அவனிடம், “எங்கம்மாகிட்ட ஏன் இருட்டுன்னு சொன்னீங்க?” என்று கேட்டாள். 

“நான் சொல்லல. மறுநாள் காலைல உண்மையைச் சொல்லத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன். உங்கம்மா காபி ஊத்தி முன்னால வச்சாங்க. நான் வாயத் திறக்கறதுக்குள்ள, ‘அந்த இருட்டுல நீ என்னப்பா பண்ணியிருப்ப’ன்னாங்க. நான் அதைப் புடிச்சுக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் விடல.”

ஐலாவுக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை, பின்லாந்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் குடும்பங்களில் ஆவிக்குளியல் தப்பாது. எய்னோ ஏரியில் இருந்த அதே நேரத்தில் அம்மாவும் அவளும் குளித்துவிட்டுக் குளியல் குடிசையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தார்கள். அம்மா கையில் ராந்தல் இல்லை. தேவைப்படவில்லை. பனியில் இரண்டு பேர் நிழலும் முன்னால் நீளமாகப் போயின. ஐலா அம்மாவின் நிழலை மிதித்து விளையாடிக்கொண்டே வந்தாள். இத்தனை வருஷமும் அந்த ஞாபகத்தின் பக்கமே போகாமல் இருந்திருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த இருட்டை அந்தப் பையனுக்குக் கொடுத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் வாசலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நிலா தெரிந்திருக்கும். அம்மா சொன்னதால் ஊரும் இருட்டு என்றது.

ரூடியின்மேல் இருந்த கோபம் அம்மாவின்மேல் திரும்பிற்று. ஊரான் பிள்ளைமேல் இரங்கியவள், பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்தாளே. அம்மா அவளிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: உடனே போய்விட்டான், அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

“எவ்வளவு நேரம் புடிச்சிட்டு இருந்தான்?”

ரூடி நிலாவை அண்ணாந்து பார்த்தான். “பத்து நிமிஷம்” என்றான். “பத்து நிமிஷம் இருக்கும்.”

ஐலா ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தாள். “எங்கம்மா உங்களுக்குக் குடுத்ததை நான் பிடுங்க மாட்டேன், ரூடி” என்றாள். “ஆனா அவன் அங்க தனியா இருந்தான். பத்து நிமிஷம் இந்த நிலா இப்படியே இருக்கட்டும். யாருக்காவது வேலை இருந்தா போகலாம்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. ஐலா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கருவிக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டாவது நிமிஷத்திலேயே போதும் என்று தோன்றிவிட்டது. நாலாவது நிமிஷத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஆறில் அவள் கருவியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறான், இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று மனசு எண்ணிக்கொண்டே போயிற்று. எட்டில் ரூடி விம்மினான். பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அதை நாற்பத்தைந்து வருஷம் அவன் ஒருத்தனே தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான் என்பதும் அப்போதுதான் உறைத்தது. மன்னிக்க முடிந்ததா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

நேரம் முடிந்ததும் நிலாவை அணைத்தாள். கூடத்து விளக்குகளை மெல்ல ஏற்றினாள். ஒவ்வொருவராகப் படி இறங்கினார்கள். ரூடி கடைசியாக எழுந்து, குழாயை ஒதுக்கிவிட்டு, நாற்காலி முதுகில் கிடந்த கோட்டை எடுக்கத் தடுமாறினான். ஐலா போய் அதை எடுத்து அவனுக்குப் பின்னால் விரித்துப் பிடித்துக்கொண்டாள். அவன் கை சட்டென்று நுழையவில்லை. இரண்டு தடவை தவறியது. அவள் பிடித்தபடியே நின்றாள்.