ரெஜினா அக்காவின் கொயினா ஒயின்

சென்ற வாரம் பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் எனக்கென்று ஒரு பாட்டில் ஒயின் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் முதலில் ஆரஞ்சுத் தோல் வாசனை. அதன் பின்னாலேயே மெல்ல ஒரு மரப்பட்டைக் கசப்பு. அவர் ஊற்றி நீட்டியதை நான் வாங்கவில்லை. "ஏன், ஒத்துக்காதா?" என்றார். ஒத்துக்கொள்ளும். நன்றாகவே ஒத்துக்கொள்ளும். அதுதான் சங்கடம்.

அந்தக் கசப்பு எனக்குப் பழக்கமானது கடலூரில். திருப்பாப்புலியூரில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குச் சிதம்பரத்திலிருந்து வேலைக்கு வந்த புதிது. எல்லாப் பட்டையும் எனக்கு ஒரே பட்டையாகத் தெரிந்த காலம். சிங்கோனா பட்டை கேட்ட ஓர் அம்மாளுக்கு, ரொம்பத் தெரிந்தவன் மாதிரி வேறெதையோ மடித்துக் கொடுத்தேன். மறுநாள் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"இது வேப்பம்பட்டை தம்பி. இத ஊறப்போட்டா எங்க வீட்டுக்காரரு திரும்பவும் பட்டாளத்துக்கே ஓடிப்போயிடுவாரு."

அவர்தான் ரெஜினா அக்கா. கணவர் அருள்தாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. பிரான்ஸில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரியிடம் கற்றுக்கொண்டு வந்த ஒயினை அக்கா ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் செய்வார். கறுப்புத் திராட்சையைப் பிசைந்து சர்க்கரை போட்டுப் பீங்கான் ஜாடியில் புளிக்கவிட்டு, வடிகட்டி, சிங்கோனா பட்டையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் ஊறவைப்பார். கெட்டுப்போகாமலிருக்கக் கடைசியில் கொஞ்சம் பிராந்தி.

2004 கிறிஸ்துமஸ் அன்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பந்திக்கு முன் சின்னக் கிளாசில் அதை ஊற்றிக் கொடுத்தார் அக்கா. நான் முகம் சுளித்ததைப் பார்த்து அருள்தாஸ் அண்ணனுக்கு ஒரே சிரிப்பு.

"கொசுக்காட்டுல இருந்த சிப்பாய்ங்களுக்கு மலேரியா வராம இருக்க கொயினா, அதான் இந்த சிங்கோனா பட்டைச் சாறு, குடுத்தாங்க. கசப்பு தாங்காம துப்பிட்டானுங்க. அதான் ஒயின்ல கலந்து குடுத்தாங்க. அப்புறம் மலேரியா இல்லாதவனும் குடிக்க ஆரம்பிச்சிட்டான். அப்பெரித்தீஃப்னு பேரு. வயித்தத் தொறந்து உடுறது."

உண்மைதான். அன்று மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அண்ணனும் அப்படியே. வழக்கமாகக் கோழி கொறிப்பது போல் சாப்பிடுகிறவர், "நாளைக்கு நல்ல வஞ்சிரமா வாங்கிக் கொழம்பு வைப்போம் ரெஜி" என்றார். "காலையிலயே போயிடுங்க, அப்பதான் கெடைக்கும்" என்றார் அக்கா.

மறுநாள் காலை அவர் பை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனார். கடல் வந்தது.

அக்கா என் அறைக்கு ஓடிவந்தபோது காலில் செருப்பு இல்லை. இரண்டு நாள் தேடினோம். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களின் முகத்துணியை நான் விலக்குவேன். அக்கா பார்ப்பார், இல்லையென்று தலையாட்டுவார், அடுத்தவரிடம் போவோம். மூன்றாம் நாள் ஒரு சட்டையின் பித்தானைப் பார்த்து நின்றுவிட்டார். மற்றவை வெள்ளை, அது ஒன்று மட்டும் நீலம். "நான்தான் தச்சேன்" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்தபின் அக்கா சாப்பிடுவதை அநேகமாக நிறுத்திவிட்டார். ஒரு மாதத்தில் வளையல்கள் முழங்கை வரை ஏறின. பார்க்கப் போயிருந்த ஒரு நாள், அலமாரியில் மீதமிருந்த பாட்டிலை நானே எடுத்து, "ஒரு வாய் குடிங்கக்கா, பசிக்கும்" என்றேன். என்ன புத்தியோ!

"பசிக்கத்தான் தம்பி இத செஞ்சேன். பசிச்சுதானே போனாரு. நான்தானே காலையிலயே போங்கன்னேன்." பாட்டிலை என் கையிலேயே திணித்தார். "எடுத்துட்டுப் போயிடு. இது இங்க இருக்க வேணாம்."

எடுத்துவந்தேன். கொட்டிவிட நினைத்தேன். கொட்டவில்லை. சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து வாரம், நானே குடித்துத் தீர்த்தேன். இருபத்துநாலு வயது. நன்றாகப் பசித்தது. நன்றாகவும் சாப்பிட்டேன்.

அக்கா பிறகு சிதம்பரத்திலுள்ள தங்கை வீட்டோடு வந்து சேர்ந்துவிட்டார். நானும் ஊர் திரும்பிக் கீழவீதிப் பக்கம் சொந்தமாகச் சின்னக் கடை போட்டேன். ஒரு நாள் சுக்கு வாங்க வந்த அக்காவிடம், அந்த ஒயினில் பட்டை எத்தனை நாள் ஊற வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

"நெனப்பில்லப்பா" என்றார். படி இறங்கியவர் திரும்பினார். "அன்னைக்குக் குடுத்த பாட்டில நீ என்ன பண்ண?"

பொய் வரவில்லை. "குடிச்சிட்டேன்க்கா."

"பசிச்சுதா?"

ஆமென்று தலையாட்டினேன். "யாருக்காவது பசிச்சுதே" என்று சொல்லிவிட்டு, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

2012இல் அக்கா இறந்துபோனார். தங்கை குடும்பம் வீட்டை விற்றுவிட்டு வெளியூர் போனது. மஞ்சக்குப்பத்து வீட்டை இடித்து வண்டிகள் விற்கும் ஷோரூம் கட்டிவிட்டார்கள். என் கடையில் இப்போது சிங்கோனா பட்டை வாங்கி வைப்பதில்லை. அதைக் கேட்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.